மழைக்குப் பெயர் கொடுத்த காப்டன்

ஜெர்மானியரிடம் ஒரு வழக்கு உண்டு. வானம் மூடிக்கொண்டு, விடாமல் தூறிக்கொண்டு, தரையெல்லாம் சொதசொதவென்று கிடக்கும் நாளை அவர்கள் "பிரிட்ஸ் வால்டர் வானிலை" என்பார்கள். நாமும் மழைக்குப் பெயர் வைப்பதுண்டு. ஐப்பசி அடைமழை, கோடை மழை என்று மாதத்தையும் பருவத்தையும் சேர்த்துச் சொல்லுவோம். ஒரு மனிதரின் பெயரை மழையோடு சேர்த்துச் சொல்வதென்றால், அவர் ஜனங்களுடைய மனத்தில் எவ்வளவு ஆழமாக இடம் பிடித்திருக்க வேண்டும்! இத்தனைக்கும் அவர் மந்திரியல்லர், சேனாதிபதியல்லர், மகானும் அல்லர். கால்பந்து ஆடியவர். தம் சொந்த ஊர்க் கோஷ்டியை விட்டு வேறு கோஷ்டிக்குப் போகாமலே ஆடி முடித்தவர்.

மழைக்கும் அவருக்கும் உறவு ஏற்படக் காரணம் மலேரியா ஜுரம். யுத்த காலத்தில் சிப்பாயாக இருந்தபோது பிடித்த அந்த ஜுரம், சண்டை ஓய்ந்த பிறகும் அவர் உடம்பில் தன் அடையாளத்தை விட்டுவிட்டுப் போயிற்று. வெயில் கொளுத்தினால் மனிதர் சோர்ந்துவிடுவார். மழை பெய்து குளிர் வீசினாலோ, அவருடைய கால்களுக்குப் புதிய உயிர் வந்துவிடும். வழுக்கி ஓடும் ஈரப் பந்தைப் பசுக்கன்றைப் போல் தம் வசப்படுத்திக்கொள்ளும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. இல்லை, கால்வந்திருந்தது என்று சொல்ல வேண்டும்.

பிரிட்ஸ் வால்டர் 1920-ம் வருஷம் அக்டோபர் 31-ந் தேதி கைஸர்ஸ்லாட்டர்ன் என்ற ஊரில் பிறந்தார். ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் பிரான்ஸ் எல்லைக்குச் சமீபமாக, காடு சூழ்ந்த குன்றுகளுக்கு நடுவே உள்ள தொழில் நகரம் அது. தகப்பனார் அவ்வூர்க் கால்பந்துச் சங்கத்தின் போஜன விடுதியை நடத்தி வந்தார். ஆகையால் பையனுக்குத் தாலாட்டே பந்தாட்டப் பேச்சுத்தான். மற்றப் பிள்ளைகள் ஊரெல்லாம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஆட்டக்காரர்கள், அவன் வீட்டு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பதினேழு வயதிலேயே சங்கத்தின் முதல் கோஷ்டியில் இடம் கிடைத்தது. குடும்பத்தாருக்குப் பந்தில் மட்டும் நம்பிக்கை போதவில்லை போலும்; பாங்கு ஒன்றில் வேலை பழகவும் அனுப்பி வைத்தார்கள்.

அவர் ஆடிய ஸ்தானத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்நாளில் முன்னணியில் ஐந்து பேர் நிற்பது வழக்கம். அவர்களில் 'இன்ஸைட்' என்று பெயர் பெற்ற இருவர் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையே போய் வந்துகொண்டிருப்பார்கள். பின்னாலிருந்து பந்தை வாங்கி, யாருக்கு எப்போது எவ்வளவு வேகத்தில் கொடுக்க வேண்டுமோ அவ்விதம் கொடுப்பது அவர்கள் வேலை. இக்காலத்தில் நடுக்கள ஆட்டக்காரர் என்று சொல்வது இவர்களுடைய வாரிசுகளைத்தான். கச்சேரியில் மிருதங்கக்காரரைப் போல, கவனித்துக் கேட்பவருக்குத்தான் அவருடைய அருமை தெரியும். வால்டர் அந்த வேலையையும் செய்தார்; போதாக்குறைக்குக் கோலும் போட்டார். ஜெர்மன் தேசத்துக்காக ஆடிய 61 பந்தயங்களில் 33 கோல்கள் அவருடையவை.

தேசக் கோஷ்டியில் முதல் பந்தயம் 1940-ம் வருஷம் ஜூலை 14-ந் தேதி, பிராங்க்பர்ட் நகரில், ருமேனியாவை எதிர்த்து. ஜெர்மனி 9-க்கு 3 என்று ஜயித்தது. பத்தொன்பது வயதுப் பையன் மூன்று கோல் போட்டான். பத்திரிகைகள் புகழ்ந்தன. ஆனால் தேதியை மறுபடி பாருங்கள். அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்புதான் ஹிட்லரின் படைகள் பாரிஸ் நகருக்குள் நுழைந்திருந்தன. மார்பில் ஸ்வஸ்திகச் சின்னம் தைத்த சட்டையோடு, ஆட்டத்திற்கு முன் கையை நீட்டி வணக்கம் சொல்லித்தான் அந்தப் பையன் ஆடவேண்டியிருந்தது. அவன் அரசியல்வாதியல்ல, ஆயினும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டான். அவனைத் தேர்ந்தெடுத்த ஸெப் ஹெர்பெர்கர் என்ற பயிற்சியாளரோ 1933-லேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். இதையெல்லாம் மறைத்துவிட்டு எழுதினால் கதை இன்னும் அழகாயிருக்கும், உண்மையாயிராது.

ஏனெனில் அதே ஜெர்மன் சட்டையை முதல் உலக யுத்தத்திற்கு முன் அணிந்து ஏழு பந்தயங்கள் ஆடிய யூலியுஸ் ஹிர்ஷ் என்பவரும் இருந்தார். இரண்டு முறை சாம்பியன் பட்டம் பெற்ற கோஷ்டிகளில் ஆடிய அவர் யூதர். 1943-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அவரை ஆஷ்விட்ஸ் கொலைக்களத்துக்கு ரயிலேற்றினார்கள். அவர் திரும்பி வரவில்லை. தேசத்துக்காக ஆடினவர் என்ற பெருமை அவருடைய உயிரைக் காப்பாற்றப் போதவில்லை.

1942-ம் வருஷக் கடைசியோடு ஜெர்மன் தேசக் கோஷ்டியின் ஆட்டங்கள் நின்றுபோயின. வால்டர் சிப்பாயாகப் பல இடங்களுக்குச் சென்றார். ஹெர்பெர்கர் தம் பிள்ளைகளைப் போர்முனையிலிருந்து தள்ளி வைப்பதற்கு எத்தனையோ தந்திரங்கள் செய்தார். விமானப் படைத் தளபதி ஒருவர் நடத்திய கால்பந்துக் கோஷ்டியில் வால்டருக்கு இடம் கிடைத்தது அப்படித்தான். தம்பி ஓட்மார் கடற்படையில் சேர்ந்து, பலத்த காயம் பட்டுப் பிழைத்தார்.

1945-ல் யுத்தம் முடிந்தது. வால்டர் அமெரிக்கர் கையில் அகப்பட்டார். அவர்கள் அவரை மற்றக் கைதிகளோடு ருஷ்யர்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள். கொண்டுபோய் நிறுத்திய இடம், கார்ப்பேத்திய மலையடிவாரத்தில் உள்ள ஸிகெட் என்ற ஊர். அங்கே ஒரு பெரிய கைதி முகாம். அதைத் தாண்டிப் போகும் ரயில்கள் ருஷ்யாவுக்குப் போயின. அங்கே போனவர்களில் எத்தனை பேர் எத்தனை வருஷத்திற்குப் பிறகு திரும்பினார்கள், எத்தனை பேர் திரும்பவேயில்லை என்பது சரித்திரம் அறிந்த விஷயம். வால்டருக்கோ ஜுரம், உடம்பில் சதை இல்லை.

ஒருநாள் முகாமின் காவற்காரர்கள் பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து உருண்டு இவர் பக்கம் வந்தது. இவர் அதைத் திருப்பி உதைத்தார். அந்த ஒரு உதையைப் பார்த்துவிட்டே அவரை ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். இடைவேளையில் ஹங்கேரியக் காவற்காரன் ஒருவன் அவரிடம் வந்து, தனக்கு அவரைத் தெரியும் என்றான். 1942-ம் வருஷம் மே மாதத்தில் புடாபெஸ்ட் நகரில் ஜெர்மனியும் ஹங்கேரியும் ஆடிய பந்தயத்தை அவன் பார்த்திருந்தானாம். ஹங்கேரி முதல் பாதியில் 3-க்கு 1 என்று முந்தியிருந்தும், முடிவில் ஜெர்மனி 5-க்கு 3 என்று வென்ற பந்தயம் அது. மறுநாள் ருஷ்யாவுக்குப் போகவேண்டியவர்களின் ஜாபிதாவில் வால்டரின் பெயர் இல்லை! அவரே பின்னாளில் பலமுறை சொல்லிய வரலாறு இது. தம் சொந்தத் தேசத்தைத் தோற்கடித்த ஆட்டக்காரனை ஒருவன் மூன்று வருஷம் கழித்தும் நினைவில் வைத்து, அவன் உயிருக்கு வழி செய்தான் என்றால், ஆட்டத்தில் உள்ள ஏதோ ஒரு நல்ல அம்சத்திற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

ஸிகெட் என்ற பெயரைக் கேட்டதும் நேயர்களில் சிலருக்கு வேறொன்று ஞாபகம் வரலாம். எலி வீஸல் என்ற எழுத்தாளர் பிறந்து வளர்ந்த ஊர் அதுதான். வால்டர் அங்கே வந்து சேருவதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்பு, 1944-ம் வருஷம் மே மாதத்தில், அவ்வூர் யூதர்களை வீடு வீடாக வெளியேற்றி ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். சிறுவன் வீஸலும் அந்த ரயிலில் போனான். அவர்களுக்காக ஜாபிதாவிலிருந்து பெயரை நீக்குவார் ஒருவருமில்லை. ஒரே ஊர், ஒரே தண்டவாளம்.

1945-ம் வருஷம் அக்டோபர் மாதக் கடைசியில் வால்டர் வீடு வந்து சேர்ந்தார். கைஸர்ஸ்லாட்டர்ன் பிரெஞ்சுக்காரர் ஆளுகையில் இருந்தது. ஊரில் பாதி இடிபாடு; ரொட்டிக்குச் சீட்டு. சங்கத்தை மறுபடியும் கட்டி எழுப்பும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. ஆட்டக்காரரும் அவரே, பயிற்சியாளரும் அவரே. 1948-ல் இட்டாலியா என்ற பெண்மணியை மணந்தார். கால்பந்துக்காரனின் மனைவி வீட்டிலே அடங்கியிருக்க வேண்டும் என்ற அக்காலத்து அபிப்பிராயத்தை அந்த அம்மாள் மதிக்கவில்லை. ஊராரின் வம்புப் பேச்சையும் மதிக்கவில்லை. கணவருடைய காரியங்களை அவரே நிர்வகித்தார்.

1951-லும் 1953-லும் கைஸர்ஸ்லாட்டர்ன் கோஷ்டி ஜெர்மன் சாம்பியன் பட்டம் பெற்றது. முதல் தடவை இறுதிப் பந்தயத்தில் இரண்டு கோலும் தம்பி ஓட்மாரின் திருப்பணி. பெர்லின், ஹாம்பர்க், மியூனிக் முதலிய மாநகரங்கள் எல்லாம் இருக்க, இந்தச் சிறிய ஊர் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போயிற்று.

அப்போதுதான் ஸ்பெயின் தேசத்து அட்லெடிகோ மாட்ரிட் கோஷ்டியினர் வந்து, பெரும் தொகை தருகிறோம், எங்களிடம் வந்து ஆடுங்கள் என்று வால்டரை அழைத்தார்கள். ஜெர்மனியிலோ அந்நாளில் ஆட்டக்காரனுக்கு மாதம் 320 மார்க்குக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று விதி இருந்தது. குடும்பச் செலவுக்காக வால்டர் தம்பதிகள் சலவைத் தொழில் நடத்தினார்கள். சினிமாக் கொட்டகையும் வைத்தார்கள். மாட்ரிடிலிருந்து வந்த பணம் அவர்களுடைய வாழ்நாள் கவலையைத் தீர்த்திருக்கும். புருஷனும் மனைவியும் கலந்து யோசித்தார்கள். போவதில்லை என்று தீர்மானித்தார்கள். ஊர்ப் பற்று என்றால் கொடியேற்றும் தினத்தில் தொண்டை கிழியப் பாடுவது மட்டும்தான் என்று எண்ணுகிற நம்மவர்கள் சிலருக்கு இந்தச் சலவைக் கணக்குப் புஸ்தகத்தை எடுத்துக் காட்டலாம் என்று தோன்றுகிறது.

இவ்வளவும் செய்தவர் தைரியசாலி என்று நினைத்தால் அது தப்பு. பந்தயத்திற்கு முன்னால் அவருக்கு வயிற்றைக் கலக்கும். யாராவது ஒரு வார்த்தை குறை சொன்னால் நாட்கணக்கில் மனம் புண்பட்டுக் கிடப்பார். 1952-ல் பாரிஸில் பிரான்ஸிடம் 3-க்கு 1 என்று தோற்றபோது பழியெல்லாம் காப்டன் மேல் விழுந்தது. தேசக் கோஷ்டியே வேண்டாம் என்று ஒதுங்கப் பார்த்தார். ஹெர்பெர்கர்தான் தந்தை மகனைத் தேற்றுவதுபோல் தேற்றி அழைத்து வந்தார். ஸ்விட்ஸர்லாந்தில் 1954-ம் வருஷ உலகக் கோப்பைப் பந்தயத்திற்குப் போனபோது, ஏரிக்கரையில் உள்ள ஸ்பீட்ஸ் என்ற ஊரில் விடுதி பிடித்தார்கள். அங்கே வால்டரின் அறையில் ஹெல்மூட் ரான் என்ற ஆட்டக்காரரைக் குடிவைத்தார் அந்தக் கிழவர். ரான் சுரங்க நாட்டுப் பிள்ளை. எப்போதும் சிரிப்பும் கும்மாளமுமாக இருப்பவர். கவலைப்படுகிறவனுக்குப் பக்கத்தில் கவலையே தெரியாதவனைப் படுக்க வைப்பது, வைத்திய சாஸ்திரத்தில் எழுதப்படாத நல்ல மருந்து.

அந்தப் பந்தயத்திற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கைஸர்ஸ்லாட்டர்ன் கோஷ்டி ஜெர்மன் இறுதியாட்டத்தில் ஹானோவரிடம் 5-க்கு 1 என்று உதை வாங்கியிருந்தது. ஆயினும் ஹெர்பெர்கர் அந்த ஒரே சங்கத்திலிருந்து ஐந்து பேரைத் தமது முக்கியக் கோஷ்டியில் வைத்துக்கொண்டார். வால்டர் சகோதரர்கள், எக்கெல், லீப்ரிக், கோல்மாயர் என்பவர்கள் அவர்கள். பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்கள். முதலில் துருக்கியை வென்ற ஜெர்மனி, பிறகு ஹங்கேரியிடம் 8-க்கு 3 என்று தோற்றபோது சிரிப்பு வசையாக மாறிற்று. அன்று கிழவர் தம் முதல்தரக் கோஷ்டியை இறக்கவில்லை. மற்றொரு முறை துருக்கியை வென்றால் போதும் என்பது அவருடைய கணக்கு. கணக்கு பலித்தது. துருக்கி 7-க்கு 2, யுகோஸ்லாவியா 2-க்கு 0, ஆஸ்திரியா 6-க்கு 1. கடைசியாகச் சொன்ன ஆட்டத்தில் வால்டர் இரண்டு பெனால்டிக் கோல் போட்டார்.

இறுதியாட்டத்தில் மறுபடியும் ஹங்கேரி. நான்கு வருஷமாகத் தோல்வி என்பதையே அறியாத கோஷ்டி. ஒலிம்பிக் தங்கம் வென்றது. லண்டனுக்குப் போய் ஆங்கிலேயரை அவர்கள் வீட்டிலேயே 6-க்கு 3 என்று முறியடித்தது. அதன் காப்டன் புஷ்காஷ், உலகம் கண்ட மகா ஆட்டக்காரர்களில் ஒருவர்.

1954-ம் வருஷம் ஜூலை 4-ந் தேதி. பெர்ன் நகரத்து வாங்க்டார்ப் மைதானம். பகலில் மழை பிடித்தது; பிடித்த மழை விடவில்லை. ஹெர்பெர்கரும் வால்டரும் வானத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கக் கூடிய ஆட்கள் அந்த ஊரில் அவர்கள் இரண்டு பேர்தான். அத்துடன் அடி டாஸ்லர் என்ற செருப்புத் தொழிலாளி ஜெர்மானியரின் பூட்ஸுகளில் திருகிப் பொருத்தும் குமிழ்களை வைத்திருந்தார். தரை சேறானதும் நீளமான குமிழ்களை மாட்டினார்கள். ஆடிடாஸ் என்று உலகெங்கும் கடை போட்டவர் இவர்தான்.

ஆறாவது நிமிஷத்தில் புஷ்காஷ் ஒரு கோல். எட்டாவது நிமிஷத்தில் சீபோர் ஒரு கோல். வேறு கோஷ்டியாயிருந்தால் அத்துடன் மனமொடிந்திருக்கும். பத்தாவது நிமிஷத்தில் மோர்லாக் ஒன்று திருப்பினார். பதினெட்டாவது நிமிஷத்தில் வால்டர் மூலையிலிருந்து உயர்த்தி உதைத்த பந்து, கூட்டத்தைத் தாண்டி ரானிடம் சேர்ந்தது, சமம். பின்பாதி முழுவதும் ஹங்கேரியர் முற்றுகை. பந்து கம்பத்தில் பட்டது. குறுக்குக் கட்டையில் பட்டது. கோல்மாயர் கோட்டுக்கு மேலிருந்து எடுத்து உதைத்தார். 84-வது நிமிஷத்தில் ரான் இடது காலால் உதைத்த பந்து மூலையில் புகுந்தது. அதற்குச் சற்றைக்கெல்லாம் புஷ்காஷ் பந்தை வலைக்குள் போட, எல்லைக்காவலர் கொடியைத் தூக்கிவிட்டார். அது 'ஆப்ஸைட்'தானா என்று இன்றளவும் தர்க்கம் ஓயவில்லை. 3-க்கு 2. ஜூல் ரிமே என்ற கிழவர் மழையில் நின்று கோப்பையை வால்டரின் கையில் கொடுத்தார்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுவோம். ஆட்டக்காரர்களுக்கு ஊசி போட்டது உண்மை. சத்து மருந்துதான் என்று கோஷ்டியின் டாக்டர் சொன்னார். பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் வேறு மருந்தாயிருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். அந்த வருஷமே காப்டன் உட்படப் பலருக்குக் காமாலை கண்டது. சந்தேகம் தீர்ந்தபாடில்லை.

அதைவிட முக்கியமான விஷயம் வேறு. கோப்பை வழங்கியபின் தேசீய கீதம் வாசித்தார்கள். மைதானத்தில் இருந்த ஜெர்மானியர் பலர், மூன்றாவது சரணத்துக்குப் பதிலாக, ஹிட்லர் காலத்தில் முழங்கிய முதல் சரணத்தைப் பாடினார்கள். ஸ்விஸ் ரேடியோ ஒலிபரப்பை நிறுத்திவிட்டது. சில தினங்களுக்குப் பிறகு மியூனிக் நகரத்து மதுச்சாலை ஒன்றில், ஜெர்மன் கால்பந்துச் சங்கத் தலைவர் பௌவென்ஸ் பழைய வாசனை வீசும் சொற்பொழிவு ஒன்று செய்தார். அதையும் ரேடியோ பாதியில் வெட்டியது. குடியரசுத் தலைவர் ஹாய்ஸ் சாந்தமாக, ஆனால் தெளிவாகவே, பந்து நன்றாக உதைப்பது வேறு, அரசியல் வேறு என்று புத்தி சொன்னார்.

நம் நாட்டிலும் கால்பந்து தேசபக்தியை ஊட்டியதுண்டு. 1911-ல் கல்கத்தாவில் மோகன் பகான் கோஷ்டியினர், ஒருவரைத் தவிர எல்லாரும் வெறுங்காலோடு ஆடி, வெள்ளைக்காரப் பட்டாளமாகிய கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமெண்டை 2-க்கு 1 என்று வென்றபோது, வங்காளம் முழுவதும் நிமிர்ந்து நின்றது. அந்த ஆனந்தத்தையும் பெர்ன் நகரத்து ஆனந்தத்தையும் ஒரே தட்டில் வைக்கலாமா? வைக்கக்கூடாது என்பது நம் அபிப்பிராயம். அடிமைப்பட்ட தேசம் ஜயிப்பது ஒன்று. அயல் தேசங்களை அடிமைப்படுத்தப் பார்த்து, லட்சோபலட்சம் பேரைக் கொன்று, தோற்றுப்போன தேசம் ஒன்பது வருஷம் கழித்து ஜயிப்பது மற்றொன்று. முன்னது தலைநிமிரலாம். பின்னது தலைநிமிருமுன் எதை நினைவில் வைத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். 1954 ஜூலை 4-ந் தேதிதான் ஜெர்மன் குடியரசின் உண்மையான பிறந்த நாள் என்று சிலர் எழுதுகிறார்கள். குடியரசு 1949-ல் சட்டத்தினால் பிறந்தது. கோலினால் பிறந்தது என்று சொல்வது நமக்குச் சம்மதமில்லை.

ஆனால் வால்டரை இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வெற்றிக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வீராவேசமான வார்த்தை ஒன்றும் வரவில்லை. கோப்பை கையில் இருந்த படங்களைப் பார்த்தால், கலியாணப் பந்தலில் கூச்சப்பட்டுக்கொண்டு நிற்கும் மாப்பிள்ளையைப்போல் இருக்கிறார். 1956-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் கைஸர்ஸ்லாட்டர்ன் கோஷ்டி கிழக்கு ஜெர்மனிக்குப் போய், லீப்ஸிக் மைதானத்தில் கார்ல் மார்க்ஸ் ஸ்டாட் கோஷ்டியோடு சிநேகபாவமாக ஆடியது. ஜனங்கள் ஒரு லட்சம் பேர். வால்டர் பந்துக்கு முன்னால் போய்விட்டார். பந்தோ பின்னால் வருகிறது. மனிதர் முன்பக்கமாகக் குப்புற விழுந்துகொண்டே, குதிகாலால் தம் தலைக்கு மேலாகப் பந்தைத் தூக்கிக் கோலுக்குள் அடித்தார்! எதிர்க் கட்சியைச் சேர்ந்த ஜனங்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். இரண்டாகப் பிளந்த தேசத்தில், எல்லையின் அந்தப் பக்கத்திலும் அவர் பெயரைப் பேரன்மார்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1958-ல், 37-வது வயதில், கிழவர் ஹெர்பெர்கரின் பிடிவாதத்தினால் ஸ்வீடனுக்கும் போனார். அரை இறுதியில் ஸ்வீடிஷ்காரர் ஒருவரின் கால் பட்டு நொண்டிப்போனார். மாற்று ஆள் இறக்க விதியில்லாத காலம். ஜெர்மனி 3-க்கு 1 என்று தோற்றது. அதுவே அவருடைய கடைசிச் சர்வதேசப் பந்தயம். அவ்வருஷமே தேசக் கோஷ்டியின் கௌரவக் காப்டன் என்ற பட்டத்தை அவருக்கு அளித்தார்கள். அந்தப் பட்டம் பெற்றவர்களில் அவரே முதல்வர். 1959-ல் ஆட்டத்தை நிறுத்தினார். பயிற்சியாளர் வேலை அவருடைய நரம்புக்குத் தாங்காது என்று அவருக்கே தெரியும். அந்தப் பக்கம் போகவேயில்லை.

வயோதிகத்தில் அவர் மேற்கொண்ட காரியத்தைத்தான் நாம் மிகவும் மதிக்கிறோம். ஹெர்பெர்கர் பெயரால் 1977-ல் ஏற்பட்ட தரும ஸ்தாபனத்தின் சார்பில், சிறைச்சாலைகளுக்குப் போய்க் கைதிகளோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். பிரசங்கம் செய்யும் வழக்கம் அவருக்கில்லை. பந்தைப் பற்றிப் பேசுவார். முள்வேலிக்குள் இருப்பது எப்படி என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1985-ல் கைஸர்ஸ்லாட்டர்ன் மக்கள் பெட்ஸன்பெர்க் குன்றின் மேலுள்ள மைதானத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஐம்பத்து மூன்று வருஷம் உடன் வாழ்ந்த இட்டாலியா அம்மாள் 2001-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் காலமானார். அடுத்த ஜூன் மாதம் 17-ந் தேதி, ஜப்பானிலும் கொரியாவிலும் உலகக் கோப்பைப் பந்தயங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே, வால்டரும் கண்மூடினார். அவருக்கு அப்போது 81 வயது. 2006-ல் உலகக் கோப்பை ஜெர்மனிக்கு வந்தது. கைஸர்ஸ்லாட்டர்ன் குன்றிலும் பந்தயங்கள் நடந்தன. அதைப் பார்த்துவிட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டிருந்தார். அவர் காலமான அதே ஜூன் 17-ந் தேதியன்று அங்கே இத்தாலியும் அமெரிக்காவும் ஆடின. 1-க்கு 1, சமம்.